டேங்க் ரோட்டு வீடு: ஒரு ஜொகூர் மனையும் அதன் உடைமையாளர்களும்



ஒரு வீட்டின் வரலாற்றைப் பற்றிப் பேச மொழியியல் படித்தவனை அழைத்திருக்கிறீர்கள். கட்டடக் கலையோ நிலவரிச் சட்டமோ நான் கற்றவன் அல்லன். சொற்களைப் பின்தொடர்ந்து போன வழியில் இந்த வீட்டின் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். ஆகவே சொற்களின் வழியாகவே உங்களை உள்ளே அழைத்துச் செல்ல எண்ணுகிறேன்.

வீடு இருப்பது சிங்கப்பூரில். கட்டியவர் ஜொகூரின் பெருஞ்செல்வர். இந்த அவையில் இருப்போரில் பாதிப்பேராவது அதன் அருகே நடந்து சென்றிருப்பீர்கள். தைப்பூச நாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்பட்டு டேங்க் ரோட்டுத் தெண்டாயுதபாணி கோயிலை அடைகின்றன. கோயிலை நெருங்கும் வேளையில், கிளமென்சோ அவென்யூவும் பினாங்கு சாலையும் கூடும் இடத்தில், கூரை முகடுகள் வளைந்து நிற்கும் பழைய சீன மாளிகை ஒன்றைக் காணலாம். சிறுவனாக என் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தபோது, "இது என்ன அப்பா?" என்று கேட்டேன். "சீனர் கோயில், கும்பிட்டுக்கொள்" என்றார். நானும் கும்பிட்டேன். அப்போது அது கோயிலன்று. இரட்சணிய சேனை என்னும் கிறித்தவ அமைப்பின் தலைமையகமாக இருந்தது. அறியாமல் செய்த அந்தக் கும்பிட்டை நான் இன்றும் திரும்பப் பெற விரும்பவில்லை.

அந்த வீட்டிற்குச் சிங்கப்பூர் ஆவணங்களில் 'தான் இயோக் நீ வீடு' என்று பெயர். இங்கே ஜொகூர் பாருவில், ஜாலான் துரூஸ் பழைய சீனக் கோயிலுக்கு அணித்தே, 'ஜாலான் தான் ஹியோக் நீ' என்று ஒரு தெரு இருக்கிறது. மாலை வேளையில் காப்பிக் கடை தேடி நாம் போகும் தெருதான். தெருவின் ஹியோக் நீயும் வீட்டின் இயோக் நீயும் ஒருவரே என்பது எனக்கு நாற்பது வயதைக் கடந்த பின்னரே தெரிந்தது. சீன எழுத்தில் மூன்றே எழுத்துகள்; அவற்றில் மாற்றமில்லை. தியோச்சூ ஒலிப்பை உரோமன் எழுத்தில் எழுதப் புகுந்த எழுத்தர் ஒருவர் ஒருவிதமாகவும், நீரிணைக்கு அப்பால் இருந்தவர் வேறுவிதமாகவும் எழுதினர். மாண்டரின் ஒலிப்பில் அதே பெயர் சென் சூ நியன் ஆகிவிடும். மூன்று ஒலிபெயர்ப்புகளுக்கு இடையே ஒரு மனிதர் மூவராகச் சிதறிப்போனார். திருநெல்வேலி டின்னவெல்லியானதையும், நம் பாட்டன்மார் பெயர்கள் தோட்டப் பதிவேடுகளில் அடையாளம் தெரியாமல் போனதையும் அறிந்த நமக்கு இது புதிதன்று.

அவர் சீனத்தின் சாவ்சோவ் பகுதியில் 1827இல் பிறந்தவர். சிங்கப்பூருக்கு வந்து துணி மூட்டையைச் சுமந்து வீடு வீடாக விற்றார். தெலுக் பிளாங்காவில் இருந்த ஜொகூர்த் தெமெங்கோங் குடும்பத்தாரின் வீடுகளும் அவர் துணி விற்கச் சென்ற வீடுகளில் அடங்கும். அந்தப் பழக்கத்தில்தான் இளைஞர் அபு பாக்காரோடு நட்பு ஏற்பட்டது. அபு பாக்கார் பின்னாளில் மகாராஜாவாகி, 1885இல் சுல்தானும் ஆனவர்.

அக்காலத்து ஜொகூர் பெரும்பாலும் காடு, ஆறுகளே சாலைகள். 1844ஐ ஒட்டித் தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் சீனக் குடியேறிகளுக்கு ஆற்றங்கரைகளைத் திறந்துவிட்டார். ஓர் ஆற்றின் கரையில் பயிர் செய்யும் உரிமையை வழங்கும் ஆவணத்திற்குச் 'சூராட் சுங்கை' என்று பெயர். தமிழில் ஆற்றுக் கடிதம் எனலாம். மலாய் மொழியில் ஜாவி எழுத்தில் எழுதப்பட்டது. அதைப் பெற்றவர் 'காங்சூ', அதாவது ஆற்றுத்துறைத் தலைவர். அவர் குடியேறிய துறை 'காங்கார்'. நம் காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் ஆகிய ஊர்ப் பெயர்களும், நீரிணைக்கு அப்பால் சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் என்பனவும் அந்த வழக்கின் எச்சங்களே. நாள்தோறும் பேருந்துப் பலகையில் படிக்கும் இந்தப் பெயர்களுக்குள் ஒரு நில உடைமை முறையே உறங்குகிறது.

காங்சூ பயிரிட்டவை கம்பீரும் மிளகும். கம்பீர் என்பது வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியின் இனம். அதன் சாறு தோல் பதனிடவும் சாயத்திற்கும் பயன்பட்டது. இலைகளைக் கொப்பரையில் காய்ச்சிச் சாறு இறக்குவர். காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எரு. கொப்பரைக்கு விறகு வேண்டும், விறகுக்குக் காடு அழியும். பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சலித்துப்போகும். அடுத்த ஆற்றுக்கு நகர்வர். இந்த ஓட்டத்தில் மிகப் பல ஆற்றுக் கடிதங்களைத் தம் கையில் வைத்திருந்தவர் தான் ஹியோக் நீ. 1870களில் ஜொகூர் அரசு அவருக்கு 'மேஜர் சைனா' என்னும் பட்டம் அளித்தது. சிங்கப்பூர், ஜொகூர் இரண்டின் அபினி, சாராயக் குத்தகையில் அவரும் கூட்டாளி. அவரைப் பாராட்டுவோர் இதை விரைந்து கடந்து செல்வதை நான் கவனித்திருக்கிறேன். மாளிகையின் கருங்கல் தூண்களுக்குப் பின்னால் கம்பீர்க் கொப்பரைக் கூலியாளின் அபினிக் குழாயும் இருக்கிறது.

வீடு 1882க்கும் 1885க்கும் இடையில் எழுந்தது. அக்காலச் சிங்கப்பூரில் தியோச்சூ செல்வர் நால்வர் கட்டிய நான்கு பெருமனைகளை மக்கள் ஒருசேரச் சொல்வது வழக்கம். அவற்றுள் இறுதியாக எழுந்தது இதுவே. இன்று எஞ்சியிருப்பதும் இது ஒன்றே. தூண்களுக்குக் கருங்கல் சீனத்திலிருந்து கப்பலில் வந்தது. வாயிலைக் கடந்தால் முற்றம், முற்றத்தைக் கடந்தால் கூடம், அதற்கும் அப்பால் மற்றொரு முற்றம். வானத்தை வீட்டின் நடுவே இறக்கி வைத்து, அறைகளை அதைச் சுற்றி அமைக்கும் முறை.

இதைப் பார்க்கும் தமிழர் எவர்க்கும் செட்டிநாட்டு வீடு நினைவுக்கு வரும். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீளும் வீடு அது. டேங்க் ரோட்டில் இந்த ஒப்புமை வெறும் கற்பனையன்று. நகரத்தார் 1859இல் குடமுழுக்குச் செய்த தெண்டாயுதபாணி கோயில் இந்த வீட்டிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. தான் ஹியோக் நீ மனை எடுக்கும்போது கோயிலுக்கு வயது கால் நூற்றாண்டை நெருங்கிவிட்டது. அங்கே வழிபட்ட செட்டியார்கள் தாங்கள் ஈட்டியதைக் கொண்டு காரைக்குடியைச் சுற்றிய ஊர்களில் இதே போல் முற்றம் வைத்த வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தனர். கடல் கடந்து பொருள் ஈட்டிய இரு சமூகத்தாரும் தத்தம் ஊர் வீட்டையே பெருக்கிக் கட்டினர். ஒரு வேறுபாடு உண்டு. செட்டியார் சிங்கப்பூரில் வீடு கட்டவில்லை. மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் ஒரு மரப்பெட்டியின் முன் சம்மணமிட்டு அமர்ந்து கணக்கெழுதினார். இரவில் அங்கேயே பாய் விரித்தார். வீடு ஊரில் இருந்தது. தான் ஹியோக் நீயோ இரண்டு இடத்திலும் கட்டினார். பிறந்த ஊரில் அவர் எழுப்பிய முன்னோர் மண்டபம் 1870இல் தொடங்கி 1883இல் முடிந்தது; அதன் கற்சிற்பங்களுக்காக அது சீனத்தில் இன்று காக்கப்படும் சின்னம்.

கிட்டங்கி என்றேன். இந்தச் சொல்லிடம் சற்று நிற்க இசைவு தாருங்கள். இது என் தொழில். தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் கூடாங், கெடோங், ஆங்கிலத்தில் கோடவுன். பொருள் வைக்கும் இடத்திற்கு வங்கக் கடலின் இரு கரையிலும் ஒரே சொற்குடும்பம். மலாயில் கடைக்குக் கெடாய், பெட்டிக்குப் பெத்தி, திரைக்குத் திராய், முதலுக்கு மொடால். வணிகர் கொண்டுபோன சொற்கள் என்று ஒரே பார்வையில் தெரியும். மாளிகை என்னும் நம் சொல் மலாயில் மஹ்லிகாய் ஆகி அரசிளங்குமரியர் வாழும் இடமாக உயர்ந்துவிட்டது. ஆனால் குடும்பம் வாழும் சாதாரண வீட்டிற்கு மலாய்மொழி நம்மிடம் கடன் வாங்கவில்லை. ரூமா என்பது அதன் சொந்தச் சொல். கடையையும் பெட்டியையும் கிடங்கையும் கொடுத்த நாம் வீட்டைக் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு இங்கே வீடு வைத்திருந்தோமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

தான் ஹியோக் நீ அந்த வீட்டில் வாழ்ந்த காலம் ஏறத்தாழ ஒரு தலைமுறை கூட இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர்த் தொடருந்துப் பாதைக்கு நிலம் தேவைப்பட்டது. டேங்க் ரோட்டில்தான் நிலையம். வீட்டின் அருகே மண் வெட்டினர், தண்டவாளம் இட்டனர். அவர் வீட்டை விட்டு வெளியேறிச் சீனம் திரும்பி 1902இல் மறைந்தார். 1903 சனவரி முதல் நாள் புக்கிட் தீமா வரை வண்டி ஓடியது. அவ்வாண்டு ஏப்ரலில் உட்லண்ட்ஸ் வரை நீண்டது. உட்லண்ட்ஸில் இறங்கிப் படகேறினால் ஜொகூர். தமக்குச் செல்வம் தந்த ஜொகூரை நோக்கிப் புறப்பட்ட இரும்புப் பாதை அவரது வாசலிலேயே தொடங்கியது. அவர்தாம் அங்கே இல்லை.

பிறகு வீடு கைமாறிய கதையைச் சுருங்கச் சொல்கிறேன். தொடருந்து நிலைய அதிகாரி குடியிருந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபை ஆயர் பெர்குசன்-டேவி வசம் வந்து, யுரேசியப் பெண்பிள்ளைகளுக்கான புனித மேரி இல்லமும் பள்ளியும் ஆயிற்று. 1932இல் நிலையம் தஞ்சோங் பகாருக்குப் போய்விட்டது. 1938இல் இரட்சணிய சேனை வாங்கியது. போரில் சப்பானியப் படை புகுந்தது, வீடு சிதைந்தது. சேனை அதைச் சீர்செய்து 1951இல் மீண்டும் திறந்தது. 1974 நவம்பரில் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1991இல் வணிகர் கைக்குச் சென்று, பழுது பார்க்கப்பட்டு, 2000இல் சிகாகோ பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் ஆசிய வளாகமானது. அதன்பின் வேறு கல்வி நிறுவனங்கள் வந்தன. அண்மையில் மீண்டும் ஒருமுறை கைமாறியது.

பட்டியல் இவ்வளவுதான். ஒரு சுற்றுலாப் பலகையில் அடங்கிவிடும். இதைத்தான் நாம் வீட்டின் வரலாறு என்கிறோம். எனக்கு இதில் நிறைவில்லை. இது கையெழுத்திட்டவர்களின் வரலாறு. வீட்டில் தூங்கி எழுந்தவர்கள் இதில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் பெண்பிள்ளைகள் அந்த முற்றத்தில் மழையைப் பார்த்திருப்பார்கள். சாவ்சோவ் குடும்பத்து முன்னோர்க்கு ஊதுபத்தி ஏற்றிய கூடத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் செபம் சொல்லியிருப்பார்கள். முற்றத்தை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? ஒரு மொழியியலாளன் கேட்க விரும்பும் கேள்வி அது. கூடத்திற்கு ஒவ்வொரு உடைமையாளரும் ஒரு பெயர் வைத்திருப்பார். வீடு கைமாறியபோதெல்லாம் அறைகளின் பெயர்களும் மாறியிருக்கும்.

நம் மொழியே இந்தக் குழப்பத்தை அறியும். 'வீட்டுக்காரர்' என்றால் வீட்டிற்கு உரியவர்; நம் பெண்கள் வாயில் அதுவே கணவர். மலாயில் 'துவான் ரூமா' வீட்டின் சொந்தக்காரரையும் குறிக்கும், விருந்து அழைத்தவரையும் குறிக்கும். உடைமையும் குடியிருப்பும் உறவும் ஒரே சொல்லில் பின்னிக் கிடக்கின்றன. ஆவணம் மட்டுமே அவற்றைப் பிரித்தெடுக்கிறது.

செட்டிநாட்டில் இதன் மறுபக்கத்தைக் கண்டேன். அங்கே வீடு எளிதில் கைமாறுவதில்லை. பாட்டனார் கட்டிய வீடு பேரர், கொள்ளுப்பேரர் அனைவர்க்கும் பங்கு. ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஆண்டிற்கு ஒருமுறை படைப்புக்கும் திருமணத்திற்கும் வீடு திறக்கும்; மற்ற நாளெல்லாம் பூட்டு. அனைவரும் ஒப்பினால் விற்பர். விற்றால் பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகும். தான் ஹியோக் நீயின் வீடு குடும்பத்தை இழந்து உருவத்தைக் காத்துக்கொண்டது. அங்கே குடும்பத்தைக் காத்துக்கொண்ட சில வீடுகள் உருவத்தை இழந்தன. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், பள்ளிக்கூடமாகவும் படைவீடாகவும் தேய்ந்தாலும் மனிதர் புழங்கிய வீடே மேல் என்பேன். நகரத்தார் நண்பர்கள் என்னைப் பொறுத்தருள்வார்களாக.

இனி, முன்னர் ஒத்திவைத்த கேள்விக்கு வருகிறேன்.

வீடு என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியின் முதலெழுத்து நீண்டு பிறந்தது. சுடு சூடாகிறது, கெடு கேடாகிறது. இலக்கணத்தார் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். சங்க நூல்களில் குடியிருக்கும் இடத்திற்கு இல், மனை, அகம் என்பனவே பெருவழக்கு. வழிச்செல்வோர் சுமையை இறக்கிவிட்டுத் தங்கும் இடத்திற்கு விடுதி என்கிறோம். அதன் உடன்பிறப்பே வீடு. ஆக, நம் வீடு சொல்லளவில் நிலைத்த மனையைவிடத் தங்குமிடத்திற்கே அணுக்கமானது.

ஜொகூர்த் தமிழர்க்கு இந்தச் சொற்பொருள் வாழ்க்கையாகவே அமைந்தது. நம்மில் பெரும்பாலோர் பிறந்தது லயத்தில். 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லை லயன், லயம் என்று நம் முன்னோர் தமிழாக்கினர். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள்; ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை, முன்னால் சிறு தாழ்வாரம், பின்னால் அடுப்படி. குழாய் பொது, கழிப்பிடம் பொது. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை வீடு; வேலை போனால் வீடும் போகும். தான் ஹியோக் நீ பெற்றது போன்ற ஆற்றுக் கடிதமோ, செட்டியார் வைத்திருந்த விலாசமோ லயத்தாரிடம் இல்லை. விலாசம் என்பது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த கடைப்பெயர். அதை எழுத்துக் கூட்டிப் படித்தே மூன்று தலைமுறையைச் சொல்லிவிடலாம். லயத்து வீட்டிற்கு எண் மட்டுமே உண்டு.

நான் பிறந்த லயம் இம்மாநிலத்தின் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருந்தது. அந்தத் தோட்டம் நான் அறிந்தவரை மூன்று முறை கைமாறியது. முதலில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்ச் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஓய்வு பெற்ற ஆண்டில், லயத்தில் குடியிருந்தவர்களின் பதிவேட்டைப் பார்க்க இசைவு கேட்டு நிறுவனத்திற்கு எழுதினேன். நேரில் வரச் சொன்னார்கள், போனேன். நில உரிமை மாற்றத்தின் படிகள் ஒழுங்காக இருந்தன, ஒவ்வொரு ஏக்கருக்கும். குடியிருந்தவர் பதிவேடு வைத்துக்கொள்ளப்படவில்லை என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் மீது குறையில்லை. தேநீர் கொடுத்து, வருத்தத்தோடுதான் சொன்னார்.

வீட்டிற்கு வந்து என் தாயாரிடம் கேட்டேன். அப்போது அவர்க்கு எண்பத்தெட்டு வயது. முந்திய நாள் உண்டது மறந்துவிடும். "நம் லயத்தில் யார் யார் இருந்தார்கள் அம்மா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு குழாயடிப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வர ஓடினேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ கிளைமொழிப் பதிவுகள் செய்தவன்; சொந்தத் தாயின் பேச்சைப் பதிய எனக்கு அதுவரை தோன்றவில்லை.

அந்தப் பதிவு நாற்பது மணித்துளி. பன்னிரண்டு வீடுகளையும் சொன்னார். ஆட்பெயர் சொன்னது குறைவு. உறவும் ஊரும் தொழிலுமே அடையாளம். அதில் எனக்கு வியப்பூட்டியது ஒன்று. ஒரு வீட்டைச் சொல்லும்போது, அதில் முன்பு யார் இருந்தார், அவருக்குப் பின் யார் வந்தார் என்று அடுக்கினார். டேங்க் ரோட்டு வீட்டுக்கு ஆவணக் காப்பகம் செய்த அதே வேலையை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் செய்துகொண்டிருந்தார். உடைமையாளர் என்ற சொல்லை ஒருமுறையும் அவர் சொல்லவில்லை. 'இருந்தவுக' என்றே சொன்னார்.

இந்த மன்றத்திடம் என் வேண்டுகோள் ஒன்றே. மாணவர்கள் தத்தம் பாட்டி தாத்தாக்களிடம் ஒரு லயத்தின் வரிசையைக் கேட்டுப் பதிந்து வருமாறு அடுத்த விடுமுறையில் அனுப்புங்கள். கேள்வித்தாள் வேண்டாம். குழாயடியிலிருந்து தொடங்கச் சொன்னால் போதும்; மீதி தானாக வரும். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் பணியில் என் காலம் உள்ளவரை உடனிருப்பேன். கிளைமொழிச் சொற்களைத் திருத்தி எழுதிவிடாதீர்கள் என்பது மட்டும் என் நிபந்தனை.

என் தாயார் சொன்னதன் தொடக்கத்தை அவர் சொன்னபடியே படித்து அமர்கிறேன்.

"குழாயடிய ஒட்டுன மொத வீடு, தண்டல் வீடு. அவுக போன பொறவு ஆயாக் கொட்டகைல புள்ள பாத்த கெழவி இருந்தா, சேலத்துக்காரி. ரெண்டாவது பூட்டியே கெடந்துச்சு, சப்பான்காரன் ரயிலு போடக் கூட்டிட்டுப் போன ஆளு வீடு. அவன் வருவான்னு அவ பொஞ்சாதி ரொம்ப நாளு வெளக்கு வச்சா. பொறவு அவளும் அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டா. மூணாவது நம்ம வீடு. நமக்கு முன்னால யாரு இருந்தான்னு கேக்குறியா? இரு, சொல்றேன்."